ரன்னிங்கா ஷட்டிலா: ரெண்டையும் வெச்சுக்கிட்டு வாரத்தை ஓட்டுறது எப்படி

எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன், ஊரு திருப்பத்தூர், போன வாரம் லிஃப்ட்ல வெச்சுக் கேட்டான், "அண்ணா, ஏப்ரல் டென்கேக்கு, அதான் 10 கிலோமீட்டர் ரேஸுக்கு, பேர் குடுக்கலாம்னு இருக்கேன், ஆனா வாரத்துல மூணு நாள் ஷட்டிலும் ஆடுறேன், எதை விடணும்?"னு. நாலு மாடி ஏறுறதுக்குள்ள சொல்லி முடிக்கிற பதிலா அது, அதான் உக்காந்து எழுதுறேன்.

எதையும் விட வேணாம். ஆனா ஷட்டில் ஆடுற நாளை நம்ம ஆளுங்க யாரும் கணக்குல எடுக்கறதில்ல, கோளாறே அங்கதான். ஓடுனா வாட்ச்ல கிலோமீட்டர் எண்ணுவாங்க, ஷட்டில்னா "சும்மா விளையாடப் போனேன்"னு விட்டுருவாங்க. காலுக்கு அந்த வித்தியாசம்லாம் தெரியாதுங்க.

நான் இதைப் பட்டுதான் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுல இருந்து பதினொன்னு வரைக்கும் ஷட்டில், கடைசி கேம் தோத்துட்டோமேன்னு வீம்புக்கு இன்னொரு கேம், வர்ற வழில பரோட்டா, படுக்கும்போது மணி ஒன்னு, காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு பெங்களூர் கப்பன் பார்க்ல 14 கிலோமீட்டர். ஒன்பதாவது கிலோமீட்டர்ல மூங்கில் புதர் தாண்டும்போது இடது கெண்டைக்கால்ல யாரோ பின்னாடி இருந்து கல்ல விட்டு அடிச்ச மாதிரி சுளீர்னு ஒன்னு, திரும்பிப் பாத்தா ஒரு நாய் மட்டும் படுத்திருக்கு, அது என்னைக் கண்டுக்கவே இல்ல. தசை லேசா கிழிஞ்சிருக்குன்னு ஃபிசியோ சொன்னாரு. ஆறு வாரம் வீட்லயே கிடந்தேன், பணம் கட்டுன ரேஸும் போச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நம்ம எடை மாதிரி ரெண்டு மூணு மடங்கு பாரம் காலுல இறங்குது. 5 கிலோமீட்டர் 35 நிமிஷத்துல ஓடுனா, நிமிஷத்துக்கு 165 அடின்னு வெச்சா மொத்தம் 5,800 அடி கிட்ட வரும். ஆனா எல்லாம் ஒரே மாதிரி அடி, நேரா போற அடி. ஷட்டில்ல அடி கம்மி, ஆனா அதே குதிகால் தசைநாணும் (நம்ம ஆளுங்க நரம்புன்னு சொல்றது) கெண்டைக்காலும்தான் இழுபடுது, அதுவும் டக்குனு நிக்கிறது, பின்னாடி குதிக்கிறது, நெட்டுக்குப் பாயிறதுன்னு எந்தப் பக்கம் இழுக்கும்னே தெரியாது. 13.4 மீட்டர் நீளக் கோர்ட்ல நம்ம பாதி 6.7 மீட்டர்தான், அதுக்குள்ளயே அவ்வளவு வேலை. இதுல இன்னொரு வில்லங்கம், மூச்சும் இதயமும் சில வாரத்துலயே பழகிரும், எலும்பும் தசைநாணும் பழக மாசக்கணக்காகும். மூச்சு வாங்கலையே, இன்னும் கொஞ்சம் ஓடலாமேன்னு தோணுற நேரத்துலதான் கால் பிடிச்சுக்கும்.

அதனால எதை விடுறதுன்னு யோசிக்காம, இந்த மூணு மாசத்துக்கு எது முக்கியம்னு யோசிங்க. பெங்களூர்ல இதுக்கு காலண்டரே வழி காட்டும். டிசிஎஸ் வேர்ல்ட் டென்கே 2008ல ஆரம்பிச்சது, இப்பல்லாம் ஏப்ரல் கடைசில வருது. பன்னிரண்டு வாரம் பின்னாடி எண்ணுங்க, ஜனவரி கடைசி. அங்க இருந்து ஏப்ரல் வரைக்கும் ரன்னிங்தான் வீட்டுக்குப் பெரிய பிள்ளை, ஷட்டில் சின்னது. மே மாசம் சாயங்காலம் மழை பிடிச்சதும் மாத்திக்கோங்க, ஷட்டில் ரெண்டு நாள், ஓட்டம் ரெண்டு நாள், கால் மறக்காம இருக்க.

சரி, ரேஸ் சீசன்ல வாரம் எப்படி இருக்கணும்? நான் பண்றதைச் சொல்றேன். செவ்வாய் 5 கிலோமீட்டர் மெதுவா. புதன் ஷட்டில், ஒரு மணி நேரம், டபுள்ஸ் மட்டும். இதை வேகப் பயிற்சின்னே எழுதி வெச்சுக்கோங்க, அந்த வாரம் தனியா இன்டர்வல், அதான் கொஞ்ச நேரம் வேகமா ஓடி, மெதுவாக்கி, மறுபடி வேகமா ஓடுறது, கிடையாது. வியாழன் ஒன்னும் கிடையாது, ஒன்னும் இல்லன்னா ஒன்னும் இல்லதான், மாடிப்படி சேலஞ்ச்லாம் வேணாம். வெள்ளி 6 கிலோமீட்டர், கடைசில 20 செகண்ட் நாலு தடவை வேகமா, நடுவுல நல்லா நடந்துட்டு. ஞாயிறு லாங் ரன், 6ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 12 வரைக்கும், நாலு வாரத்துக்கு ஒரு தடவை குறைச்சுக்கணும். சனிக்கிழமை ராத்திரி ஷட்டிலுக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீங்க, மாமனாரே கூப்பிட்டாலும். ரேஸுக்கு முந்தின ரெண்டு வாரம் ஷட்டிலே கிடையாது, கணுக்கால் சுளுக்கிக்கிட்டா ஓட வேண்டிய நாள்ல ஓரமா நின்னு கை தட்ட வேண்டியதுதான்.

மெதுவான்னா எவ்வளவு மெதுவான்னு எல்லாரும் கேப்பாங்க. ஓடிக்கிட்டே ஒரு திருக்குறள் சொல்லிப் பாருங்க, மொத்தமே ஏழு சீர்தான். "கற்க கசடற"ல ஆரம்பிச்சு "அதற்குத் தக" வரைக்கும் திணறாம ஒரே மூச்சுல வந்துச்சுன்னா வேகம் சரி, "கற்பவை"லயே இழுத்துச்சுன்னா குறைங்க. வாரத்துல ஓடுற நேரத்துல அஞ்சுல நாலு பங்கு இந்த வேகத்துலதான் போகணும். பக்கத்துல தாத்தா ஒருத்தர் நம்மளத் தாண்டிப் போவாரு, போகட்டும்.

அப்புறம் இன்னிக்கி ஆடலாமா வேணாமான்னு முடிவு பண்ண ஒரு சோதனை இருக்கு, ரொம்ப உபயோகமானது. சுவத்துல விரலை மட்டும் வெச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலை முழுசாத் தூக்கித் தூக்கி இறக்குங்க, எத்தனை வருதுன்னு எண்ணுங்க. 25 கிட்ட வந்தா நல்லது. எனக்கு அடிபட்ட அப்புறம் வலது கால் 26, இடது கால் 11, அதுவும் பதினொன்னாவது நடுங்கிக்கிட்டே. ஒரு கால் ரொம்பப் பின்தங்கியிருந்தா, இல்ல காலைல கட்டில்ல இருந்து இறங்குற மொத பத்து அடிக்குக் குதிகால் பின்னாடி விறைச்சு வலிச்சுதுன்னா, அன்னிக்கு கோர்ட் பக்கமே போகாதீங்க. மெதுவா நடந்து பாருங்க, ரெண்டு மூணு நாள்ல சரியாகலன்னா ஃபிசியோகிட்ட காட்டுங்க, மாத்திரை போட்டுட்டு ஆடுறவங்களுக்கு நான் ஒன்னும் சொல்றதுக்கில்ல.

ஷூ விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். ரன்னிங் ஷூவுக்கு அடில மெத்து மெத்துனு உயரமா இருக்கும், நேரா ஓடத்தான் அது. அதைப் போட்டுக்கிட்டு கோர்ட்ல பக்கவாட்டுல காலை ஊனுனா ஷூ ஒரு பக்கம் சாயும், கணுக்கால் கூடவே மடங்கும். ஷட்டில் ஷூவை மேசை மேல வெச்சுப் பாத்தா தெரியும், தாழ்வா தட்டையா இருக்கும், அடில கம் ரப்பர், தரையைப் பிடிக்கும். அதே ரப்பரோட ஓல்ட் ஏர்போர்ட் ரோட்ல ஓடுனீங்கன்னா சீக்கிரமே அடி தேஞ்சு வழவழன்னு ஆயிரும். ரெண்டு ஜோடி வேணும், வேற வழியில்ல. கோர்ட் புக் பண்றப்ப தரை என்னன்னும் கேளுங்க, மரத்தரை மேல மேட் போட்டிருந்தா நல்லது, சிமெண்ட் மேல மெல்லிசா பச்சை மேட் ஒட்டி வெச்சிருக்கற இடமா இருந்தா மறுநாள் முட்டி சொல்லும்.

ஓடுற இடம்: கப்பன் பார்க்ல காலைல வண்டி விட மாட்டாங்க, மண் பாதையும் இருக்கு, லாங் ரன்னுக்கு அதான். மேடு ஏறிப் பழகணும்னா லால்பாக் பாறை, கெம்பேகவுடா கோபுரம் நிக்குதே அதுதான், 300 கோடி வருஷப் பாறைன்னு சொல்றாங்க, மழை பெஞ்சா வழுக்கும், வயசுக்கு மரியாதை குடுத்து நடந்துருங்க. அல்சூர் ஏரிப் பக்கம் எனக்கு வீட்டுக்குக் கிட்ட, ஆனா விடியறதுக்கு முன்னாடி நாய்ங்க கூட்டமா நிக்கும், தொரத்துனா ஓடாம நின்னுருங்க. நம்ம ஊரு 900 மீட்டர் உயரத்துல இருக்கு, காலைல புழுக்கம் கம்மி. இங்க ஓடுற வேகத்தை நம்பி சென்னைக்குப் போய் ஓடுனா நாக்கு தள்ளிரும், அங்க போனா வாட்சைப் பாக்காம குறளை நம்புங்க.

சைக்கிள், நீச்சல் பத்தியும் கேப்பீங்க. ரெண்டும் காலுக்கு அதிர்ச்சி இல்லாதது, அடிபட்ட ஆறு வாரமும் எனக்கு மூச்சைக் காப்பாத்துனது நீச்சல்தான். ஆனா எலும்புல பாரம் இறங்காது, அதனால ஓட்டத்துக்கு மாத்தா ஆகாது. சைக்கிள் எடுத்தா ஆசை நந்தி ஹில்ஸ் வரைக்கும் இழுக்கும், போக மட்டும் 60 கிலோமீட்டர், ஒரு ஞாயித்துக்கிழமையே காலி, வீட்ல பதில் சொல்லிக்கோங்க.

தம்பி, இதைப் படிச்சேன்னா, புதன்கிழமை எட்டு மணி ஸ்லாட்டுக்கு நமக்கு ஒரு ஆள் குறையுது. டபுள்ஸ்தான், சரியா ஒரு மணி நேரம். அந்த ஆரஞ்சு கலர் ரன்னிங் ஷூவோட வந்தா கோர்ட்டுக்குள்ள விட மாட்டேன்.