கறுப்புத் தோலைச் சீவிய பிறகுதான் சத்தம் வந்தது

திருவையாறு பக்கம் ஒரு கோயில் திருவிழா, இன்னிசைக் கச்சேரி. பாதிப் பாட்டில் என் கிட்டார் அடங்கிப்போனது. கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களை இணைக்கும் குட்டி கேபிள்களில் ஒன்று செத்திருந்தது. அதன் நுனியில் செருகும் ஜாக் அச்சில் வார்த்தது, பிரித்துப் பார்க்க வழியில்லை. இனி கேபிள்களை நானே செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன்.

சால்டரிங் அயர்னும் ஈயமும் கும்பகோணத்திலேயே கிடைத்தன. கிட்டார் கேபிளையும் 6.35 மி.மீ. மோனோ ஜாக்குகளையும் வரவழைத்தேன். நடுக்கம்பி ஜாக்கின் முனைக்கு, சுற்றியுள்ள செம்புப் பின்னல் உடம்புக்கு. அவ்வளவுதான் வேலை. ஆனாலும் முதல் கேபிளில் சத்தம் மங்கலாகவே வந்தது. மல்டிமீட்டரை முனைக்கும் உடம்புக்கும் இடையே வைத்தேன். பீப் இல்லை, ஆனால் ஓம்ஸில் ஏதோ எண் ஓடியது. இரண்டும் நேராகத் தொடும் ஷார்ட்டும் இல்லை, தொடர்பே இல்லாத ஓப்பனும் இல்லை!

லென்ஸ் வைத்துப் பார்த்தால், பின்னலுக்கு அடியில், நடுக்கம்பியின் வெள்ளை உறைமேல் மெல்லிய கறுப்புத் தோல். அது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். கேபிள் அசையும்போது எழும் கரகரப்பைக் குறைக்க வைப்பது. அதன் நுனி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிளேடால் 3 மி.மீ. பின்னுக்குச் சீவினேன். மீட்டரில் எண் மறைந்தது.

அப்புறம் ஆறு கேபிள் செய்தாயிற்று. ஜாக்கின் மூடியைக் கேபிளில் கோத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். மறந்தால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.