நேர்காணலோ மேடையோ, உள்ளே போகுமுன் உடலை எப்படி வைத்துக்கொள்வது?

"நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு" எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெயரைக் கூப்பிடுவதற்கு முந்தைய சில நிமிடங்களைப் பற்றியது இந்தப் பதிவு.

கைகாலை விரித்து வீராப்பான தோரணையில் 2 நிமிடம் இருந்தால் ஹார்மோனே மாறும் என்றது 2010-இல் வந்த ஓர் ஆய்வு. கலந்துகொண்டவர்கள் 42 பேர். 200 பேரை வைத்துச் செய்து 2015-இல் வெளியான மறுஆய்வில் ஹார்மோன் மாறவில்லை. தெம்பாக உணர்ந்ததாக அவர்கள் சொன்னது மட்டும் மிஞ்சியது. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே, அதில் தனக்கு நம்பிக்கை போய்விட்டதாக 2016-இல் எழுதிவிட்டார். பிடித்தால் அப்படி இருந்து பாருங்கள். நான் அந்த 2 நிமிடத்தை மூச்சுக்குத்தான் கொடுப்பேன்.

படி 1: பாதம். இரண்டும் தரையில் முழுசாகப் பதியட்டும். முழங்காலை விறைக்க வேண்டாம்.

படி 2: மூச்சு. எனக்குப் பிடிபட நாளானது இதுதான். "நல்லா இழுத்து மூச்சு விடு" என்பார்கள். நாமும் இழுப்பதிலேயே குறியாக இருப்போம். படபடப்பில் ஏற்கெனவே வேகவேகமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் இழுத்தால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரக்கும். அதனால் விடுவதில் தொடங்குங்கள். உதட்டைக் குவித்து, காற்று தீருகிறவரை மெதுவாக ஊதுங்கள். அடுத்த மூச்சு மூக்கு வழியே தானாக வரும். பிறகு 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள். இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், விடும்போது குறையும். விடுவதை நீட்டச் சொல்வது அதனால்தான். தோள் மேலேறினால் சரியில்லை, வயிறுதான் அசைய வேண்டும். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். திரையைப் பார்க்கக் குனிந்தாலே கழுத்து மடங்கிவிடும். விரல்விட்டு எண்ணுங்கள்.

படி 3: கை. நடுக்கத்தை மறைக்க விரல்களை இறுக்கினால் இன்னும் நடுங்கும். குறிப்புகளைத் தடித்த அட்டையில் எழுதுங்கள்; ஒற்றைத் தாள் சின்ன நடுக்கத்தையும் படபடவென்று காட்டிக்கொடுக்கும். கிளிக் பேனா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

படி 4: உட்கார்ந்ததும் ஒரு மூச்சை முழுசாக விட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

பின்சேர்க்கை: வீடியோ நேர்காணல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லேப்டாப்புக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி, கேமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சுழல் நாற்காலி வேண்டவே வேண்டாம்.

மூச்சைக் கவனித்தாலே பதற்றம் ஏறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சிலருக்கு அப்படித்தான் ஆகும். அவர்கள் படி 2-ஐ விட்டுவிட்டு, செருப்புக்குள் கால்விரல்களை அழுத்தி அழுத்தித் தளர்த்தலாம். வெளியே யாருக்கும் தெரியாது.