கிச்சன் வேலை: ரேட் மட்டும் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

சமையலறையை மாற்றலாம் என்று முடிவு செய்ததும் எல்லா வீட்டிலும் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு என்ன ரேட்?" தாராளமாகக் கேளுங்கள். கூடவே, எதை அளந்து அந்த ரேட் என்றும் கேளுங்கள். மேடைக்குக் கீழே 10 அடி நீளம், இரண்டரை அடி உயரத்துக்கு கப்போர்டு என்று வைத்துக்கொள்வோம். முகப்பை மட்டும் அளந்தால் 25 சதுர அடி. உள்ளே போகும் 2 அடி அகலத் தட்டையும் சேர்த்து அளக்கிறவருக்கு அதே கப்போர்டு 45 சதுர அடி. முதல் ஆள் சதுர அடிக்கு 1,400 கேட்டால் 35,000 ரூபாயில் முடியும். இரண்டாவது ஆள் 1,000 போதும் என்பார், மலிவாக இருக்கிறதே என்று கையில் அட்வான்ஸைக் கொடுத்தால் பில் 45,000-த்தில் வந்து நிற்கும். அவர் பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். கீல், கைப்பிடி, டிராயர் சேனல், லாஃப்ட் கதவு, பழைய மேடையை இடிப்பது, இடித்ததை வண்டி வைத்து அள்ளுவது, ஜிஎஸ்டி இதெல்லாம் ரேட்டில் சேர்த்தியா இல்லையா என்பதும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா" என்று பதில் வரும். அங்கேதான் பேச்சை நிறுத்தி, பேப்பரை எடுத்து எழுதச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பிளைவுட். "வாட்டர்ப்ரூஃப்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், ஷீட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் 710 என்றால் மெரைன் கிரேடு, தண்ணீரைத் தாங்கும் வகை. எம்ஆர் என்று இருந்தால் ஓரளவு ஈரப்பதத்தைத் தாங்கும், சிங்க்குக் கீழே ஒழுகும் தண்ணீரைத் தாங்காது. ஷீட் வந்து இறங்கும்போதே பார்த்துவிட வேண்டும், அறுத்து லேமினேட் ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது எது என்று யாராலும் சொல்ல முடியாது. சென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்பு மாதிரி மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் தாழ்வான தெருக்களில் கீழ்ப் பகுதிக்கு எந்த பிளைவுட்டுமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடப்பா கல்லில் தடுப்பும் தட்டும் வைத்து, அலுமினியத்தில் கதவு போட்டால் தண்ணீர் வடிந்ததும் கழுவித் துடைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கலாம். ஷோரூம் படம் மாதிரி இருக்காதுதான், பரவாயில்லை.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடற்கரையை ஒட்டி இருக்கிறவர்களுக்கு உப்புக் காற்றுத் தொல்லை வேறு. கூடை, கீல், சிங்க் எல்லாம் 304 கிரேடு ஸ்டீல் என்று கேட்டு, பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். மலிவான 202 சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவேன் என்பவர்களுக்கு ஒரு செய்தி: இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது, அதை வைத்து எது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய வீடுகள்) சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அதில் டிரில் போட்டால் மாவாகக் கொட்டும், ஸ்க்ரூ பிடிக்காது. தட்டு, டம்ளர், மளிகை என்று எடை ஏற்றும் மேல் கப்போர்டை அந்தச் சுவரில் தொங்கவிடுவது ஆபத்து. வீட்டை வந்து பார்க்கும் கான்ட்ராக்டர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் டேப்பை மட்டும் விரிக்கிறார் என்றால் அவர் வேண்டாம். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் பைப்புக்காக அதைக் கொத்துவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வேலை நடுவில் நின்று பஞ்சாயத்துதான் நடக்கும்.

சிங்க்கை ஜன்னல் பக்கம் நகர்த்த எல்லோருக்கும் ஆசை. கழிவுநீர் பைப்புக்கு 4 அடிக்கு ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும். 12 அடி தள்ளி வைத்தால் 3 அங்குலம், அதற்குத் தரையில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பைப் வெளியே போகும் வாயில் கம்பி ஜாலி போட மறந்தால் பெருச்சாளி வரும்.

சிலிண்டரை அழகுக்காக அலமாரிக்குள் அடைத்துவிடுகிறார்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் அந்தக் கதவின் அடியில் காற்றுப் போக வழி கட்டாயம் இருக்க வேண்டும், மேலே மட்டும் ஓட்டை போட்டால் போதாது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 9 ஆம்பியர் வரை இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகவே கூடாது. மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன், ஆர்ஓ எது எங்கே உட்காரும் என்று டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சாக்பீஸால் சுவரில் குறித்துவிடுங்கள். மேடை உயரத்தை அன்றாடம் சமைக்கிறவரை நிற்கவைத்து முடிவு செய்யுங்கள், அவர் இல்லாத நேரத்தில் மேஸ்திரியே முடிவு செய்தால் காலத்துக்கும் முதுகுவலி.

சரி, ஆளை எப்படிப் பிடிப்பது? முடித்த வேலையைக் காட்டச் சொன்னால் போன மாதம் முடித்த கிச்சனுக்குத்தான் கூட்டிப்போவார்கள். புதிதில் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடம் புழங்கிய கிச்சனைக் காட்டச் சொல்லுங்கள். சிங்க்குக் கீழ்க் கதவைத் திறந்து ஓரப்பட்டை பிரிந்திருக்கிறதா, ஊறி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பழுது வந்தபோது கூப்பிட்டால் வந்தாரா என்று அந்த வீட்டம்மாவிடம் கான்ட்ராக்டர் இல்லாதபோது கேளுங்கள். பேசி முடிக்கிறவர் ஒருவர், வேலைக்கு வருகிறவர் இன்னொருவர் என்பதும் சகஜம், தினமும் யார் நின்று பார்ப்பார் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். இடிப்பு, பைப்பும் வயரிங்கும், மேடை, கப்போர்டு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, முடிந்ததற்குக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, இரண்டு வாரம் சமைத்துப் பார்த்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்புறம், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டாம். ஒரே கான்ட்ராக்டர் நாலு வீட்டை இடித்துப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருப்பார், ஆட்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் ஆடி மாதம் நல்ல மாதம். அப்போது வேலை குறைவு, ரேட்டும் கொஞ்சம் இறங்கி வரும்.