அயர்லாந்துல வேர் தேடணும்னா கிஃப்ட் கடைய விட்டுட்டு ஒரு டவுன்லேண்ட (குட்டி நிலப்பிரிவு) பிடிங்க

டூர் போறவங்களும் சரி, வேலைக்குப் போய் அங்கயே இருக்கறவங்களும் சரி, ஐரிஷ் பாரம்பரியம்னு தேடினா முதல்ல மாட்டறது கிஃப்ட் கடைதான். உங்க சர்நேமுக்கு ஒரு குலச்சின்னம், உங்க சர்நேமுக்கு ஒரு ஆரன் ஸ்வெட்டர் டிசைன்னு ரெண்டு சமாச்சாரம் தொங்கும். ரெண்டையும் நம்பாதீங்க. சின்னம்ங்கறது ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் கொடுக்கறது, ஓ'பிரையன்னு பேர் வச்ச எல்லாருக்கும் சொந்தமில்ல. ஸ்வெட்டர் கதைய கீழ சொல்றேன்.

நான் சொல்ற வழி, ஒரே ஒரு சின்ன ஏரியாவ எடுத்துக்கிட்டு நிலம், பேர், கைவேலை மூணையும் அங்கயே வச்சுப் பாக்கறது. உதாரணத்துக்கு கிளேர் கவுண்டில இருக்கற பர்ரன்.

கால்வே நகரத்துல இருந்து 350 நம்பர் பஸ் பர்ரன் கடலோரமா டூலின் கிராமத்துக்குப் போகுது, ஆனா உள்பகுதிக்கு கார் இல்லன்னா சைக்கிள் வேணும். பாக்கற இடமெல்லாம் சாம்பல் கலர் சுண்ணாம்புப் பாறை. மத்த ஊர்ல கோடையில மாட்ட மலைக்கு ஓட்டுவாங்க, இங்க தலைகீழ், குளிர்காலத்துலதான் மேல ஏத்துவாங்க, ஏன்னா பாறை கோடை சூட்ட பிடிச்சு வச்சுக்கும், தண்ணியும் தேங்காது, அதனால இடுக்குல புல்லு இருக்கும். மாடு அந்தப் புல்ல மேஞ்சு தள்றதாலதான் அடுத்த மே மாசம் குட்டிச் செடிங்களுக்கு வெளிச்சம் கிடைச்சு நீல ஜென்ஷியன் பூக்குது. பூல்னப்ரோன் கல்லறை 5000 வருஷத்துக்கும் மேல பழசு, பக்கத்துல கல்ல அடுக்கி போட்டோ எடுக்கறேன்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ், சிலர் அத பண்ணி அந்த இடத்தையே கெடுக்கறாங்க.

போறதுக்கு முன்னாடி வீட்டுலயே மேப் பாருங்க. அயர்லாந்து பூரா 60,000க்கு மேல டவுன்லேண்டுன்னு குட்டிக் குட்டி நிலப்பிரிவு இருக்கு. 1830-40கள்ல போட்ட ஆறு அங்குல மேப்ப (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) ஆன்லைன்ல இப்போதைய மேப் மேலயே வச்சுப் பாக்கலாம், ஃப்ரீ. பேர் கேஹர்னு ஆரம்பிச்சா வட்டமா கல் கோட்டை இருந்திருக்கும், கில்னு ஆரம்பிச்சா அனேகமா சர்ச். கேஹர்மக்நாக்டன் அப்படி ஒரு கல் கோட்டை, அங்க ஓ'டாவோரன் குடும்பம் பிரெஹன் சட்டம்ங்கற பழைய ஐரிஷ் சட்டத்துக்கு ஒரு ஸ்கூலே நடத்துச்சு.

இப்ப பேர். ஓ-ன்னா பேரன் வழி, மேக்-னா மகன் வழி. இங்கிலீஷ்காரன் ஆட்சியில நிறைய பேர் அந்த ஓ-வ விட்டுட்டாங்க, 19ஆம் நூற்றாண்டு கடைசியில திரும்ப ஒட்டிக்கிட்டாங்க, அதனால பர்ரன்ல ஓ'லாக்லின தேடினா வெறும் லாக்லினையும் தேடுங்க. எல்லாமே கேலிக், அதாவது ஐரிஷ் மொழிப் பேரும் இல்ல, பர்க் நார்மன் வழி வந்தது. சென்னையில நம்ம கன்னிமாரா லைப்ரரி எந்த கவர்னர் பேர்ல இருக்கோ, அந்த கன்னிமாரா பிரபுவோட சொந்தப் பேரு ராபர்ட் போர்க், அதே பேரோட இன்னொரு ஸ்பெல்லிங். பர்ரன் கரையில நின்னா விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் தெரியறதுதான் ஒரிஜினல் கன்னிமாரா.

ரெக்கார்ட் தேடறவங்களுக்கு ஒரு கசப்பான விஷயம், 1922ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ்ல பிடிச்ச தீயில பழைய ஆவணம் மலை மாதிரி போயிடுச்சு. ஆனா 1901, 1911 சென்சஸ் முழுசா ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு. ஆளுங்க பேரோட நிறுத்தாதீங்க, வீட்டு ஃபார்மையும் தொறங்க, கூரை ஓலையா, எத்தனை ரூம், முன்பக்கம் எத்தனை ஜன்னல்னு எழுதியிருக்கும். 1911ல கல்யாணமான பொம்பளைங்களுக்கு எத்தனை குழந்தை பிறந்துச்சு, எத்தனை உயிரோட இருக்குன்னும் கேட்டிருக்காங்க, படிக்க மனசு கஷ்டமா இருக்கும். அதுக்கும் முன்னாடி போகணும்னா கிரிஃபித்ஸ் வேல்யூவேஷன், 1847-64, யாரு எந்த நிலத்துல குடியிருந்தாங்கன்னு. அதோட 1937-39ல ஸ்கூல் பசங்கள விட்டு தாத்தா பாட்டி கிட்ட கதை, மருந்து, கைவேலை எல்லாம் கேட்டு எழுத வச்ச நோட்டுங்க டூகஸ் (duchas.ie) சைட்ல இருக்கு, கவுண்டி வாரியா தேடலாம். ஒண்ணே ஒண்ணுதான் பாக்க டைம் இருக்குன்னா நான் அதத்தான் சொல்வேன்.

கைவேலைக்கு பர்ரன்ல முதல்ல கல்வேலிதான். சிமென்ட், மண்ணு எதுவும் கிடையாது, வெறும் கல்லு. இடுக்குல காத்து போறதாலதான் அட்லான்டிக் காத்துக்கு நிக்குது. 2024ல அயர்லாந்தோட இந்த வேலையும் யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்ந்துச்சு. வார இறுதியில பழக்கற வொர்க்‌ஷாப் அங்கங்க நடக்கும், கிளவுஸ் மட்டும் மறக்காதீங்க.

டூலின்ல இருந்து படகு ஏறினா ஆரன் தீவு இனிஷீர். செத்த மீனவன அடையாளம் காண ஸ்வெட்டர்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல் டிசைன்னு கதை விடுவாங்க, அது உண்மையில்ல. இப்ப நாம பாக்கற டிசைனே 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலதான் உருவாச்சு, வித்து வயித்தப் பாத்துக்கத்தான் பொம்பளைங்க பின்னினாங்க. அதனால மதிப்பு ஒண்ணும் குறையல, கையால பின்னினதான்னு லேபிள்ல பாத்து வாங்குங்க, நிறைய மெஷின்ல வருது.

நாமளே செய்யணும்னா பிரிஜிட் சிலுவை ஈஸி, ஜனவரி 31 ராத்திரி வீட்டுல செஞ்சு கூரையிலயோ கதவு மேலயோ மாட்டுவாங்க, தீ அண்டாதுன்னு நம்பிக்கை. ஈர நிலத்துல கோரை மாதிரி வளர்ற ரஷ் புல்லு வேணும். ஒண்ண நேரா நிக்க வச்சுப் பிடிங்க, இன்னொண்ண நடுவுல மடிச்சு அதுமேல மாட்டி ரெண்டு நுனியும் வலது பக்கம் வர்ற மாதிரி இழுங்க, அப்பறம் மொத்தத்தையும் இடப்பக்கமா கால் சுத்து திருப்புங்க, அடுத்தத மடிச்சு மறுபடி வலது பக்கம், மறுபடி திருப்பு. நடுவுல சதுரமா கட்டம் வர்ற வரைக்கும் இதேதான். விரல எடுத்தா அவுந்துடும், அதனால நாலு கையையும் நூல்ல கட்டற வரைக்கும் நடுவ அழுத்திப் பிடிச்சுக்கோங்க. புல்லு கிடைக்கலன்னா பேப்பர் ஸ்ட்ரா வச்சும் பண்ணலாம்.