டேப்பும் ஸ்பேஸும் கலந்த நிரலைச் சரிசெய்வது எப்படி

உங்கள் எடிட்டரில் நேராக நிற்கும் நிரல் இன்னொருவர் திரையில் கோணல்மாணலாகத் தெரிகிறதா? வரித் தொடக்கங்களில் டேப்பும் ஸ்பேஸும் கலந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம். இரண்டில் எது நல்லது என்ற சண்டையை ஓரமாக வையுங்கள். ஒரு கோப்பில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் போதும். ஆனால் அப்படி ஒன்றாக்கும்போது, பழைய டேப்புக்கு எத்தனை இடம் என்று தப்பாகக் கணக்குப் போட்டால் நிரலே கெட்டுவிடும்.

டேப் என்பது நாலு ஸ்பேஸோ எட்டு ஸ்பேஸோ அல்ல. ‘அடுத்த நிறுத்தத்துக்குப் போ’ என்று சொல்லும் ஒற்றைக் குறி அது. நிறுத்தங்கள் 8 இடத்துக்கு ஒன்று என்றால், இரண்டு ஸ்பேஸுக்குப் பின் வரும் டேப் 8-ஆம் இடத்தில் கொண்டுபோய் விடும். 4 இடத்துக்கு ஒன்று என்றால் அதே டேப் 4-லேயே நின்றுவிடும். டெர்மினலில் பொதுவாக 8. எடிட்டர்களில் பெரும்பாலும் 4.

முதலில் கண்ணால் பாருங்கள்

விஎஸ் கோடு எடிட்டரில் ‘ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ்’ அமைப்பை ‘ஆல்’ என்று வையுங்கள். ஸ்பேஸ் புள்ளியாகவும் டேப் அம்புக்குறியாகவும் தெரியும். நோட்பேட்++ என்றால் வியூ மெனுவில் ‘ஷோ சிம்பல்’. விம்மில் ‘செட் லிஸ்ட்’ போதும். தேடல் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவங்களை வைத்துத் தேடும் முறை) இயக்கி டேப்பைத் தேடினால் எத்தனை இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். வரியின் நடுவில், மேற்கோள் குறிகளுக்குள் டேப் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அவை தரவின் பகுதி; மாற்றக் கூடாது.

எதற்கு மாற்றுவது?

பல இடங்களில் மொழியே முடிவெடுத்துவிடுகிறது. அமைப்புகளை எழுதும் யாமல் கோப்பில் இன்டென்டேஷனுக்கு (வரித் தொடக்க இடைவெளி) டேப் செல்லாது. ‘மேக்’ கருவிக்குக் கட்டளை சொல்லும் மேக்ஃபைலில் நேர்மாறு: கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிடும். கோ மொழியின் நிரலை ஒழுங்குபடுத்தும் கருவியான கோஃப்எம்டி டேப் போடுகிறது. லினக்ஸ் கெர்னலும் டேப்தான், அகலம் 8. பைத்தானின் பெப் 8 வழிகாட்டி 4 ஸ்பேஸ் என்கிறது. மற்றபடி திட்டத்தில் ஏற்கெனவே அதிகம் இருப்பது எதுவோ அதுவே இருக்கட்டும்.

மாற்றும் இடத்தில்தான் கவனம்

பைத்தானில் ஓர் இஃப்-க்குக் கீழே இரண்டு வரிகள். இஃப் 4 ஸ்பேஸில் தொடங்குகிறது. அதன் கீழ் முதல் வரிக்கு 8 ஸ்பேஸ். இரண்டாவது வரிக்கு ஒரே ஒரு டேப். பைத்தான் 2 டேப்பை 8 இடமாகக் கணக்கிட்டதால் இரண்டு வரியும் இஃப்-க்குள்ளேயே ஓடின. பைத்தான் 3 இதை ஏற்காமல் ‘டேப்எரர்’ என்று நிறுத்திவிடும். உடனே எடிட்டரில் அகலம் 4 என்றிருக்க ‘கன்வர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ்’ கொடுத்தால் பிழைச் செய்தி மறைந்துவிடும். கூடவே இரண்டாவது வரி இஃப்-ஐ விட்டு வெளியே வந்து, நிபந்தனை பொய்யானாலும் ஓடத் தொடங்கும். எச்சரிக்கை எதுவும் வராது. பிழை வந்தபோது இருந்ததைவிட இது மோசமான நிலை.

ஆகவே மாற்றும் முன் அகலத்தைக் கண்டுபிடியுங்கள். எடிட்டரில் டேப் அளவை 2, 4, 8 என்று மாற்றிப் பாருங்கள். எந்த அளவில் எல்லாத் தொகுதிகளும் ஒழுங்காக அடுக்கி நிற்கின்றனவோ அதுவே எழுதியவரின் அளவு. பழைய பைத்தான் கோப்பென்றால் யோசிக்காமல் 8. அந்த அளவை வைத்துக்கொண்டே ஸ்பேஸாக்குங்கள். எட்டு எட்டாக வந்த படிகளை நாலு நாலாகக் குறைப்பது தனி வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள்.

விம்மில் ‘டேப்ஸ்டாப்’பைப் பழைய அகலத்துக்கு வைத்து, ‘எக்ஸ்பேண்ட்டேப்’பை இயக்கி, ‘ரீடேப்’ கொடுக்க வேண்டும். இது வரி நடுவிலுள்ள டேப்களையும் மாற்றிவிடும் என்பதை மறக்க வேண்டாம். லினக்ஸில் ‘எக்ஸ்பேண்ட்’ கட்டளை இருக்கிறது. நிறுத்தங்களைச் சரியாக எண்ணும். ‘இனிஷியல்’ விருப்பத்தோடு கொடுத்தால் வரித் தொடக்கத்தை மட்டுமே தொடும். கலப்படக் கோப்புக்கு இதுவே பாதுகாப்பு. வெளியீட்டை வேறு பெயரில் சேமியுங்கள். அதே கோப்புக்குத் திருப்பிவிட்டால் படிக்கும் முன்பே கோப்பு காலியாகிவிடும்.

முடிந்ததும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் வேறுபாட்டைக் காட்டும் ‘டிஃப்’ கட்டளையை வெற்றிடங்களைப் புறக்கணிக்கும் விருப்பத்தோடு ஓட்டுங்கள். எதுவும் காட்டவில்லை என்றால் சி, ஜாவா போன்ற அடைப்புக்குறி மொழிகளில் பெரும்பாலும் நிம்மதிதான். பைத்தானுக்கு இந்தச் சோதனை உதவாது. வெற்றிடம்தானே அங்கே இலக்கணம். சோதனைகளை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த மாற்றத்தைத் தனி கமிட்டாக (கிட்டில் ஒரு பதிவு) போடுங்கள். வேறு திருத்தம் ஒன்றுகூட அதில் சேரக் கூடாது, சேர்ந்தால் மறுஆய்வு செய்பவருக்கு எதுவும் கண்ணில் படாது. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேமில் எல்லா வரிகளும் உங்கள் பெயரில் வந்து நிற்கும் என்ற கவலைக்கும் வழி உண்டு: கிட் 2.23 முதல், குறிப்பிட்ட கமிட்டுகளைத் தவிர்க்கச் சொல்லும் பட்டியலை ஒரு கோப்பில் வைத்துப் பிளேமுக்குக் கொடுக்கலாம்.

மறுபடி கலக்காமலிருக்க

எடிட்டர்களுக்கு அமைப்பைச் சொல்லும் ஒரு எடிட்டர்கான்ஃபிக் கோப்பைத் திட்டத்தின் வேர் அடைவில் வையுங்கள். ‘இன்டென்ட் ஸ்டைல்’, ‘இன்டென்ட் சைஸ்’ இரண்டும் போதும். மேக்ஃபைலுக்கு மட்டும் தனிப் பிரிவில் டேப். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களும் நியோவிம் 0.9 முதலான பதிப்புகளும் இதைத் தாமாகவே படிக்கும். விஎஸ் கோடுக்கு எக்ஸ்டென்ஷன் தேவை. வரி இறுதி ஸ்பேஸை நீக்கும் விதியையும் சேர்ப்பதானால் மார்க்டவுன் கோப்புகளுக்கு விலக்கு கொடுங்கள், அங்கே வரி இறுதியில் இரண்டு ஸ்பேஸ் என்றால் வரிமுறிவு.

அமைப்பில் 4 ஸ்பேஸ் என்று வைத்தும் விஎஸ் கோடு டேப்பே போடுகிறது என்றால் ‘டிடெக்ட் இன்டென்டேஷன்’ இயங்கிக்கொண்டிருக்கிறது. கோப்பைத் திறந்ததும் உள்ளே இருப்பதைப் பார்த்து உங்கள் அமைப்பை அது மீறிவிடும். கோப்பைச் சுத்தம் செய்து மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.