டேங்கை இறக்கும் முன்: பெட்ரோல் முள் கோளாறைத் தேடும்போது செய்யும் தவறுகள்

என்னிடம் ஒரு கார்புரேட்டர் காலத்துக் கார் இருந்தது. ஒருநாள் அதன் பெட்ரோல் முள் காலியில் படுத்துவிட்டது. டேங்கை நிரப்பியும் எழவில்லை. டேங்குக்குள் அளவைப் பார்க்கும் சென்சார் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, புதிது வாங்கி, விடுமுறை நாள் ஒன்றை முழுசாக வண்டிக்கு அடியில் கழித்து, டேங்கை இறக்கி மாட்டினேன். சாவியைத் திருப்பினால் முள் அதே இடத்தில். அப்புறம்தான் எர்த் வயரை, அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழியை, பார்க்கத் தோன்றியது. சில மாதங்களுக்கு முன் பின்பக்க நசுங்கலைச் சரிசெய்த பட்டறையில், பாடிக்குப் பெயின்ட் அடித்துவிட்டு அதன் மேலேயே எர்த் வளையத்தை வைத்து முறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் கரண்ட் ஓடியிருக்கிறது. மரையில் துரு ஏறியதும் நின்றுவிட்டது. உப்புத்தாளால் நாலு தேய், திரும்ப ஒரு முறுக்கு. முள் எழுந்து நின்றது. கழற்றிப் போட்ட பழைய சென்சாரில் ஒரு குறையும் இல்லை.

அன்று நான் செய்தது ஒரு தவறல்ல, வரிசையாக நான்கைந்து. முள்ளை மட்டும் பார்த்தேன், எந்த வகை சர்க்யூட் என்று பார்க்கவில்லை, வெளியே இருப்பதைச் சோதிக்காமல் உள்ளே இருப்பதைக் கழற்றினேன். இதே வரிசையில்தான் பலரும் போகிறார்கள்.

முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் படிக்காமல் விடுவது

பெரும்பாலான வண்டிகளில் இந்த சென்சார் என்பது ஒரு மிதவை, ஒரு கம்பிக் கை, கையின் நுனியில் உரசும் ஒரு தொடுமுனை, அது உரசுகிற ஒரு ரெசிஸ்டர் பட்டி, அவ்வளவுதான். பெட்ரோல் ஏற இறங்க மிதவை கையை நகர்த்தும். கை நகர நகர ரெசிஸ்டன்ஸ் மாறும். டேஷ்போர்டு மீட்டரோ ஈசியூவோ (இஞ்சினை நடத்தும் குட்டிக் கணினி) அந்த மாற்றத்தை வைத்து அளவைக் காட்டும்.

இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. முழு டேங்குக்கு ரெசிஸ்டன்ஸ் கூடுமா குறையுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஐரோப்பிய வழக்கில் காலிக்கு 10 ஓம், முழுக்கு 180 ஓம் என்று ஒரு வகை. காலிக்கு 240, முழுக்கு 33 என்று தலைகீழாக இன்னொன்று. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய வண்டிகளில் காலி 0, முழு 90. பழைய ஃபோர்டுகளில் காலி 73, முழு 10. ஆகவே "வயர் அறுந்தால் முள் காலிக்கு வரும்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால், அது பாதி வண்டிகளுக்குத்தான் பொருந்தும். 240–33 வகையில் வயர் அறுந்தால் காலி காட்டும். எர்த்தில் ஒட்டிக்கொண்டால் முழுசாகக் காட்டும். 0–90 வகையில் நேர் எதிர்: அறுந்தால் முள் முழுசையும் தாண்டிப் போய் நிற்கும்.

புது வண்டிகளில் இன்னொரு சிக்கல். அளவு நம்பமுடியாதபடி எல்லை தாண்டினால், ஈசியூவோ மீட்டரோ தானாகவே முள்ளைக் காலியில் போட்டுவிட்டு விளக்கை எரியவிடும். அறுந்தாலும் காலி, ஷார்ட் ஆனாலும் காலி. அங்கே முள்ளைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. ஈசியூவோடு பேசிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்கேனர் காட்டும் எர்ரர் கோடைப் (code) படித்துவிட்டுப் பொருளை வாங்க ஓடுவது

ஸ்கேனரில் பி0460 என்று வந்தால் "ஃபியூல் லெவல் சென்சார்" என்ற பெயர் கண்ணில் படுகிறது. உடனே கை பர்சுக்குப் போகிறது. கோடு குறிப்பது ஒரு சர்க்யூட்டை. அந்த சர்க்யூட்டில் சென்சார் ஒரு பாகம். வயர், கனெக்டர், எர்த், மீட்டர் எல்லாமே அதில் அடக்கம். பி0462 என்றால் சிக்னல் அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது, பி0463 என்றால் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது, பி0464 என்றால் விட்டு விட்டு வருகிறது. கடைசியதைப் பார்த்தால் முதலில் லூஸ் கான்டாக்டைத்தான் நினைக்க வேண்டும்.

பி0461 தனி ரகம். எத்தனை பெட்ரோல் செலவாகியிருக்கும் என்று, பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரின் கணக்கிலிருந்து ஈசியூவுக்குத் தெரியும். அவ்வளவு செலவாகியும் டேங்க் அளவு அசையவில்லை என்றால் இந்தக் கோடு விழும். மின்சாரம் சரியாக இருக்கிறது, அளவுதான் நகரவில்லை என்று அர்த்தம். கை எங்கோ சிக்கியிருக்கலாம், மிதவை மூழ்கியிருக்கலாம். இங்கே வயரை அங்குலம் அங்குலமாகத் தடவுவது வீண் வேலை.

கோடைவிட எனக்கு உதவுவது ஸ்கேனரின் லைவ் டேட்டா. ஃபியூல் லெவல் என்று ஒரு சதவீதம் வரும். ஸ்கேனர் 60 சதவீதம் என்கிறது, முள் காலியில் கிடக்கிறது என்றால் டேங்க் பக்கம் போகவே வேண்டாம். கோளாறு மீட்டரில் அல்லது மீட்டருக்குப் போகும் வழியில். முள்ளை நகர்த்தும் குட்டி ஸ்டெப்பர் மோட்டார்கூடப் போயிருக்கலாம். பல மீட்டர்களில் எல்லா முட்களையும் ஒரு சுற்று சுற்றிக் காட்டும் சுயசோதனை உண்டு. மற்ற முட்கள் சுற்றும்போது பெட்ரோல் முள் மட்டும் சும்மா இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

எர்த்தை "பீப்" சத்தத்தால் சோதிப்பது

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நன்றாக வேலை தெரிந்தவர்களே இங்கே ஏமாறுகிறார்கள்.

மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (வயர் தொடர்ந்து இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து எர்த் வயரைத் தொட்டால் பீப் வரும். "எர்த் நல்லா இருக்கு" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஆனால் பல மல்டிமீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். 10–180 வகை வண்டியில் எர்த்தில் 20 ஓம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் காலியாகும்போது 10 ஓம் தெரிய வேண்டிய இடத்தில் 30 தெரியும். நேர்கோட்டுக் கணக்கில் அது சுமார் 12 சதவீதம். 45 லிட்டர் டேங்கில் இல்லாத 5 லிட்டரை முள் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் நம்பி ஓட்டிக்கொண்டே போய், நடுவழியில் நிற்பீர்கள். 240–33 வகையில் அதே கெட்ட எர்த் அளவைக் குறைத்துக் காட்டும். தொல்லைதான், ஆனால் நடுவழியில் நிறுத்தாது.

சரியான சோதனை வோல்டேஜ் டிராப். கனெக்டரை மாட்டியபடியே வைத்து, இக்னிஷனைப் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை சென்சாரின் எர்த் பின்னில் பின்பக்கமாகத் தொட்டு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். நல்ல எர்த்தில் சில நூறில் ஒரு பங்கு வோல்ட்தான் தெரியும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்படலாம். சென்சாரும் பம்பும் ஒரே எர்த்தில் இருந்தால், பம்ப் ஓடும்போது அளக்க வேண்டும். சென்சார் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம், பம்பின் கரண்ட்தான் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மல்டிமீட்டர் இல்லாமலே தெரிந்துகொள்ள ஒரு வழியும் உண்டு. வண்டி நிற்கும்போது பிரேக்கை மிதித்து, இண்டிகேட்டரைப் போட்டு, முள்ளைக் கவனியுங்கள். இண்டிகேட்டரின் டிக் டிக்குக்கு முள்ளும் லேசாகத் துடித்தால், பின்விளக்குகளும் சென்சாரும் பகிரும் எர்த் கெட்டிருக்கிறது. ஆனால் முள்ளின் அசைவை மெதுவாக்கும் புது மீட்டர்களில் இந்தத் துடிப்பு தெரியாமல் போகலாம்.

அளப்பதில் நடக்கும் சின்னச் சின்னக் கோளாறுகள்

கனெக்டரைக் கழற்றாமல் ஓம் அளப்பது முதல் தவறு. சர்க்யூட்டில் வோல்டேஜ் இருந்தால் ஓம் மீட்டர் காட்டுவதற்கு அர்த்தமே கிடையாது. வோல்டேஜ் இல்லாவிட்டாலும் மறுமுனையில் இருக்கும் ரெசிஸ்டர்கள் கணக்கில் கலந்துவிடும்.

சிக்னல் வயரை நேரே எர்த்தில் தொட்டு முள் எழுகிறதா என்று பார்ப்பது பழைய வைத்தியம். சூட்டால் வேலை செய்யும் பழைய மீட்டர்களில் அதிக நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டரே கருகும். அதற்குப் பதில், அந்த வண்டியின் பாதி டேங்க் அளவுக்குரிய ஒரு ரெசிஸ்டரை சென்சாரின் இடத்தில் மாட்டிப் பாருங்கள். முள் பாதிக்கு வந்தால், வயரும் மீட்டரும் தப்பித்தன. இப்போதுதான் டேங்கைத் திறக்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. மாட்டியதும் அஞ்சு வினாடி பார்த்துவிட்டு "அசையலையே" என்று எடுத்துவிடாதீர்கள். வளைவில் பெட்ரோல் அலம்பும்போது முள் ஆடாமலிருக்க, பல வண்டிகளில் அளவை மெதுவாகத்தான் மாற்றுவார்கள். இக்னிஷனை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

வெளியே எடுத்த சென்சாரை இரண்டு முனையில் மட்டும் அளப்பது இன்னொரு தவறு. காலியில் சரி, முழுசில் சரி, ஆகவே நல்லது என்று சொல்லிவிட முடியாது. தேய்மானம் அந்த இரண்டு முனைக்கு நடுவில்தான் இருக்கும், ஏனென்றால் தொடுமுனை வாழ்நாளெல்லாம் உரசுவது அங்கேதான். கையை மிக மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். 140, 118, 102 என்று வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு நொடி எல்லை மீறி, மறுபடி 95 என்று தொடர்ந்தால் அதுதான் செத்த இடம். டிஜிட்டல் மல்டிமீட்டர் அந்த ஒரு நொடியைத் தவறவிடலாம். முள் உள்ள பழைய மல்டிமீட்டர் இருந்தால் அதை எடுங்கள், அல்லது குறைந்த, கூடிய அளவுகளைப் பிடித்துவைக்கும் MIN/MAX பொத்தானைப் பயன்படுத்துங்கள். சில சென்சார்களில் அளவு வழுக்கிப் போகாமல் படிப்படியாகத் தாவும். காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சுகளை அடுக்கிச் செய்தவை அப்படித்தான். அதைக் கோளாறு என்று தூக்கிப் போடாதீர்கள்.

மிதவையை யாரும் மதிப்பதில்லை. கையால் தூக்கி இறக்கும்போது எல்லா அளவும் பிரமாதமாக வரும், டேங்கில் போட்டால் காலி என்று காட்டும். காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளக் சளக் என்றால் ஓட்டை. உள்ளே வெற்றிடமே இல்லாத நுரை மிதவைகள் சத்தம் போடாது, ஆனால் ஆண்டுக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். கையில் அந்தக் கனம் தெரியும்.

தொடுமுனை கறுத்திருந்தால் பெட்ரோலிலுள்ள கந்தகம் காரணமாக இருக்கலாம். வெள்ளிக் கலவைத் தொடுமுனைகளைக் கந்தகம் கறுக்கவைத்துக் கரண்டை மறிக்கும். 2004 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா, லூசியானா பக்கம் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்பனைக்குப் போய், ஏராளமான வண்டிகளில் பெட்ரோல் முள் ஒரே சமயத்தில் கெட்டது. பட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாள் ஓடும். ஆனால் அந்த மெல்லிய தடமும் சேர்ந்து போய்விடும்.

சென்சாரில் இல்லாத கோளாறு

நிரப்பிய பிறகு ரொம்ப தூரம் முள் முழுசிலேயே நிற்பது பெரும்பாலும் இயல்பு. மிதவை மேலே போய் முட்டிய பிறகும் டேங்கில் இடம் இருக்கும். "இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்ற எண் எகிறுவதற்கும் சென்சார் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அது கடைசியாக ஓட்டிய ஓட்டத்தின் மைலேஜை வைத்துப் போடும் கணக்கு.

சேணம் போல நடுவில் வளைந்த டேங்க் உள்ள வண்டிகளில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சென்சார் உண்டு. ஒரு பக்கத்துப் பெட்ரோலை மறுபக்கம் இழுத்துவிடுவது ஜெட் பம்ப். அது அடைத்துக்கொண்டால், கால் டேங்க் காட்டியபடியே வண்டி நின்றுவிடும். சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, பம்புக்கு எட்டவில்லை.

திறப்பதும் மூடுவதும்

பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே பற்றக்கூடியது, காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல், ஒயரில் தொங்கும் குண்டு பல்பை வைத்துக்கொண்டு, கதவடைத்த ஷெட்டில் இதைச் செய்யாதீர்கள். லைனில் பிரஷர் இருக்கும் வண்டிகளில் அதை முதலில் இறக்க வேண்டும். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டாமல் பித்தளையோ அதற்கான கருவியோ எடுங்கள்.

புது சென்சார் உருவத்தில் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள். ஓம் எல்லை வேறாக இருந்தால் முள் தப்பாகக் காட்டும், தலைகீழாகக்கூட ஓடலாம். உள்ளே இறக்கும்போது கம்பிக் கை ஓட்டையின் விளிம்பில் இடித்து லேசாக வளைந்தாலும் அளவு நிரந்தரமாகத் தப்பும். பம்பின் ஹோஸ் மிதவையின் பாதையில் வளைந்து நின்றால், முள் பாதிக்கு மேல் ஏறாது. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

மூடியின் ரப்பர் சீலைப் புதிதாகப் போடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறி விரிந்திருக்கும், பள்ளத்தில் சரியாக உட்காராது. அந்த சீல் டேங்கின் உச்சியில் இருப்பதால் பாதி டேங்கில் கசிவு தெரியாது. மூடியை மறைக்கும் பின் சீட்டை மாட்டுவதற்கு முன் ஒருமுறை முழுசாக நிரப்பி, வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து, வளையத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள்.