மயக்க மருந்து இல்லாமல் இதய எம்ஆர்ஐ: குழந்தையை வீட்டிலேயே பழக்கலாம்

கடலூர் பக்கத்திலிருந்து குழந்தையை ஜிப்மருக்கோ புதுச்சேரியில் வேறெங்கோ இதய எம்ஆர்ஐக்கு அழைத்துப் போகிறீர்களா? ஏழெட்டு வயது ஆகிவிட்டால், பழக்கினால், பல குழந்தைகள் மயக்க மருந்து இல்லாமலே படுத்துக்கொள்வார்கள். உங்கள் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்பதை மட்டும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் வேலை, உள்ளதைச் சொல்வது. இதில் எக்ஸ்ரே கிடையாது, குகை மாதிரி பெரிய காந்தம்தான், அதற்குள் அசையாமல் படுக்க வேண்டும், வலிக்காது. ஆனால் படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து ஏற்றக் கையில் ஊசி போடுவதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்தால் அப்புறம் எதையும் நம்பாது.

அடுத்தது சத்தம். யூடியூபில் எம்ஆர்ஐ சத்தம் கிடைக்கும். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்க வைத்து அதை ஓடவிடுங்கள், முதலில் மெதுவாக, ஐந்து நிமிடம் போதும். அங்கே காதை மூட ஏதாவது தருவார்கள், நெஞ்சில் ஈசிஜி ஒயரும் அதன்மேல் பலகை மாதிரி ஒன்றும் வைப்பார்கள், அதனால் வீட்டில் ஒரு தலையணையை நெஞ்சில் வையுங்கள்.

இப்போதுதான் முக்கியமான பகுதி, மூச்சு. ஒரு படத்தைப் பல இதயத் துடிப்புகளில் சேர்த்து எடுப்பதால் 10 முதல் 15 விநாடி மூச்சை நிறுத்தச் சொல்வார்கள், அதுவும் பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டபிறகு, ஏனென்றால் அப்போது இதயம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். குழந்தைகளோ நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கன்னத்தை உப்பிக்கொள்வார்கள்! "இழு, விடு, நிறுத்து" என்று சொல்லி 5 எண்ணுவதில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ உதடு நீலமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்கேன் அறையில் எந்த மொழியில், எந்தச் சொல்லில் சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டு அதையே பழக்கினால் பாதி வேலை முடிந்தது.

அன்று காலை கொலுசு, தோடு, தாயத்து, அரைஞாண் கயிறு, ஊக்கு எல்லாம் கழற்றுங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாதே என்று பாட்டி வாதாடுவார், ஒட்டாவிட்டாலும் சூடேறலாம். பேஸ்மேக்கர், ஏற்கெனவே நடந்த அறுவை சிகிச்சை பற்றிய காகிதங்களை மறக்காமல் காட்டுங்கள். சாப்பாடு பற்றி அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.

உள்ளே ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பல இடங்களில் பெற்றோர் ஒருவரைச் சோதித்துவிட்டு உடன் இருக்க விடுவார்கள், கேட்டுப் பாருங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள், பயந்தால் அதை அழுத்தலாம் என்பதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள். பாதியில் முடியவில்லை என்றால் திட்டாதீர்கள், மயக்க மருந்தோடு இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.